செத்த பிள்ளையாக நடித்த பொம்மை

வெயிலில் காய்ந்த உருளைக்கிழங்குச் சாக்கை உதறினால் எழும் தூசிக்கு ஒரு நாற்றம் உண்டு. மண்ணும் முளைவிட்ட கிழங்கும் எங்கோ ஒரு மூலையில் செத்த எலியும் சேர்ந்த அந்த நாற்றம் மூக்கில் ஏறியவுடன் தொண்டை கரகரக்கும், கழுத்தும் கையிடுக்கும் தாமாகவே அரிக்கத் தொடங்கும். எனக்குப் பதினொரு வயதாயிருந்தபோது, மெல்பேர்னின் மல்கிரேவில் இருந்த எங்கள் வீட்டுக் கராஜில் நின்ற காரை வீதியில் விட்டுவிட்டு, கராஜ் முழுவதும் அந்தச் சாக்குகளைப் பரப்பிவைத்திருந்தார்கள். டண்டினோங் சந்தைக் கடைக்காரர் ஒருவரிடம் இரந்து வாங்கியவை. தோற்றுப்போன நகரத்தின் பெண்கள் சாக்குத்தான் உடுத்தவேண்டும் என்று நாடகத்தை இயக்கிய தேவா அங்கிள் முடிவெடுத்திருந்தார். அவர் பகலில் காற்றுப்பதனி நிறுவனமொன்றில் பொறியியலாளர், சனி ஞாயிறுகளில் எங்கள் எல்லோருக்கும் இயக்குநர்.

அந்த நாடகத்தை எங்கள் சமூகத்தின் பெருமை என்று இன்றைக்கும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். கலியாண வீடுகளில் என்னைக் கண்டால், "உம்மட அம்மா அண்டைக்கு நடிச்ச நடிப்பு இருக்கே!" என்று தொடங்குவார்கள். நான் புன்னகைத்துவிட்டு வேறு மேசைக்குப் போய்விடுவேன். பெரியவர்களுக்கு எதிர்வார்த்தை பேசாமல் வளர்க்கப்பட்டவள் நான். ஆனால் உள்ளதைச் சொல்வதானால், எனக்கு அந்த நாடகத்தின்மீது வெறுப்பு. அதற்குக் கைதட்டிய மண்டபத்தின்மீதும் வெறுப்பு. அதில் எனக்கும் ஒரு பங்கு இருப்பதால் அந்த வெறுப்பு இன்னும் ஆறவில்லை.

அது மிகப் பழைய கிரேக்க நாடகம். போர் முடிந்துவிட்டது. நகரத்தின் ஆண்கள் எல்லோரும் கொல்லப்பட்டுவிட்டார்கள். எரிகின்ற மதிலுக்கு வெளியே பெண்கள் நிலத்தில் உட்கார்ந்து, வென்றவர்களில் யார் தங்களை அடிமையாக இழுத்துப் போகப்போகிறார்கள் என்று காத்திருக்கிறார்கள். கொல்லப்பட்ட இளவரசனுக்கு ஒரு சின்னப் பிள்ளை. வளர்ந்து பழிவாங்கிவிடுவான் என்று அதைத் தாயின் கையிலிருந்து பறித்துப்போய் மதிலிலிருந்து எறிந்துவிடுகிறார்கள். இவ்வளவுதான் கதை. ஊரில் போர் முடிந்து நான்கு வருடமும் ஆகாத நேரம். தேவா அங்கிள் அதை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கி, "இது கிரேக்கம் இல்லை, இது நாங்கள்" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். இளவரசனின் விதவையாக அம்மா நடித்தார்.

"நாங்கள்" என்ற அந்தச் சொல்லைத்தான் இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அம்மா மெல்பேர்னுக்கு வந்தது போர் முடிவதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பு, விமானத்தில், சூட்கேசில் கூறைச்சேலையோடு. கமலா அன்ரி அதற்கும் முன்னால் படிக்க வந்தவர். தோற்ற நகரத்துப் பெண்களாக நடித்த பதினொரு பேரில் ஒருவர்கூடக் கடைசி வருடங்களில் அங்கே இருந்ததில்லை. இருந்த ஒருவர் அந்தக் கராஜின் மூலையில் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து எல்லோருக்கும் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார்.

அவர்தான் வதனி அன்ரி. படகில் வந்தவர். சிட்னியில் வில்லாவுட் தடுப்பு முகாமில் மாதக்கணக்காக இருந்துவிட்டுத் தற்காலிக விசாவோடு வெளியே விடப்பட்டவர். அப்பாவின் ஊர்க்காரி என்ற ஒரே உறவில் எங்கள் வீட்டுக்கு வந்து, கராஜை ஒட்டிய சின்ன அறையில் இருந்தார். கணவர் இல்லை, பிள்ளையும் இல்லை என்று மட்டும் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. "அவவிட்ட ஒண்டும் கேக்கக்கூடாது, விளங்கிச்சோ?" என்று அம்மா விரலை நீட்டி எச்சரித்திருந்தார். நான் கேட்கவில்லை. சொன்னதைக் கேட்கிற பிள்ளை என்று பெயர் எடுத்தவள் அல்லவா நான். வதனி அன்ரி என்னை "அபிக்குட்டி" என்பார், பள்ளிக்கூடச் சட்டையின் தையல் விட்டிருந்தால் நான் அதைப் போட்டிருக்கும்போதே குனிந்து தைத்துப் பல்லால் நூலை அறுப்பார்.

ஒத்திகையின் முதல் சண்டை பொட்டைப் பற்றியது. எல்லோரும் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது தேவா அங்கிள் மெதுவாகத்தான் தொடங்கினார்.

"புருசன் செத்த பொம்பிளையள் பொட்டோடயும் தாலிக்கொடியோடயும் நிண்டா சனம் சிரிக்கும். அண்டைக்கு ஒரு நாள் மட்டும் கழட்டி வையுங்கோ."

"சிரிச்சாச் சிரிக்கட்டும்" என்றார் கமலா அன்ரி. "என்ர மனுசனுக்கு ஏற்கெனவே பிரஷர். உங்கட கிரேக்கக்காரனுக்காக நான் தாலி கழட்டேலாது தேவாண்ணை. முதல்ல உங்கட மனிசியைக் கழட்டச் சொல்லுங்கோ, பாப்பம்."

தேவா அங்கிளின் மனைவி, "ஏன், எனக்கென்ன விசரோ?" என்று உள்ளேயிருந்து குரல் கொடுக்க, குசினி முழுவதும் சிரித்தது. இரண்டு கிழமை இழுபட்டுக் கடைசியில் ஒரு சமாதானம் வந்தது. தாலிக்கொடியைச் சாக்குக்குள் மடித்து உள்சட்டையோடு ஊசி குத்திக்கொள்வது. குங்குமத்தை அழிப்பதில்லை, அதன்மேல் தோல் நிறத்தில் ஒப்பனை மாவைத் தடித்துப் பூசி மறைத்துவிடுவது. விதவைகளாக நடிக்கலாம், ஆனால் நெற்றி வெறுமையாக ஒரு கணமும் இருக்கக்கூடாது. இந்தப் பேச்சு நடந்த அத்தனை நேரமும் வதனி அன்ரி குசினி வாசலில், வெறும் நெற்றியோடு, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு நின்றார், யாருடைய சாக்கையோ அளந்தபடி. ஒருவரும் குரலைத் தாழ்த்தவில்லை.

அடுத்த கிழமை ஒரு பெண்ணுக்கு வேலைநேரம் மாறியதால் ஆள் குறைந்தது. "பின்னுக்கு நிக்கிறதுதானே, வதனி நிக்கட்டுமன்" என்றார் தேவா அங்கிள். கமலா அன்ரி அவரை ஒருபக்கமாக இழுத்துப்போனார். இழுத்துப்போனது மூன்று அடிதான்.

"வேண்டாம் அண்ணை. அவ மேடையில உண்மையா அழுதிட்டா என்ன செய்யிறது? பிறகு ஒருதராலயும் சமாளிக்கேலாது. அதோட… நாங்கள் எல்லாரும் புருசன் பிள்ளையளோட இருக்கிறனாங்கள். பக்கத்தில பக்கத்தில நிக்கவேணும்."

தையல் இயந்திரம் நின்றது. "எனக்கு அழுகை வராது அக்கா, பயப்பிடாதேங்கோ" என்றார் வதனி அன்ரி, ஊசியில் நூல் கோத்தபடி. "எனக்கு இன்னும் நாலு சாக்குக் கிடக்கு." பிறகு இயந்திரம் மறுபடியும் ஓடியது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா அந்த நேரம் ஐந்து மாதக் கர்ப்பம். பிள்ளைத்தாச்சி செத்த பிள்ளையைத் தூக்கி நடிப்பதா என்று ஏற்கெனவே ஆளுக்கு ஆள் பேசிக்கொண்டிருந்தார்கள். பிடிவாதமாக அந்தப் பாத்திரத்தைக் கைவிடாமல் நின்ற அம்மா, இன்னொருத்திக்காக வாய் திறந்து இருப்பதையும் இழக்க விரும்பவில்லை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஒருவேளை நான் அதிகமாக யோசிக்கிறேனோ தெரியாது.

செத்த பிள்ளைக்கு என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. உயிரோடிருக்கும் பிள்ளையைத் தர எந்தத் தாயும் சம்மதிக்கவில்லை. "மேடையில செத்தமாதிரிக் கிடத்தவோ? வாயைக் கழுவுங்கோ" என்று ஒரு அன்ரி அடுத்த ஒத்திகைக்கே வரவில்லை. ஆகவே பொம்மை. அது என்னுடைய பொம்மை. ரப்பர் தலையும் துணி உடம்பும் கண்ணை மூடித் திறக்கும் இமையும் கொண்ட, உண்மைக் குழந்தை அளவான பொம்மை, பெயர் மினி. நான் தமிழ்ப் பள்ளியால் வந்து பார்த்தபோது கட்டிலில் அதன் இடம் காலியாக இருந்தது. கராஜுக்கு ஓடினேன். கமலா அன்ரி அதன் முதுகைக் கத்தரிக்கோலால் பிளந்து பஞ்சை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்.

"பாரம் காணாது பிள்ளை. அம்மா தூக்கேக்க பாரம் தெரியவேணும்" என்றார் தேவா அங்கிள் என்னிடம், நான் அவருடைய உதவி இயக்குநர்போல.

யாரோ அரிசிப் பையைக் கொண்டுவந்தார்கள். "செத்த பிள்ளைக்கு அரிசியோ? வாய்க்கரிசி போட்ட மாதிரியெல்லே!" என்று கமலா அன்ரி அதைத் தடுத்தார். அப்பா தோட்டத்துக்கு வாங்கிவைத்திருந்த மண்ணை மினியின் வயிற்றில் நிரப்பித் தைத்தார்கள். நான் அழுதேன். அதோடு விளையாடுவதை விட்டு இரண்டு வருடமாகியிருந்தது. ஆனாலும் அது என்னுடையது. "இட்ஸ் மைன், நீங்கள் என்னைக் கேக்கேல்ல" என்றேன். "ஒரு நாடகத்துக்குத்தானே, சும்மா இரு" என்றார் அம்மா.

அம்மா அதைத் தூக்கி நடித்துப் பார்த்தார். நெஞ்சோடு அணைத்து, ஒரு கையால் முதுகைத் தட்டியபடி, என்னை அப்படித்தான் தூக்கியிருப்பார். தேவா அங்கிள் தலையை ஆட்டினார். மறுபடி செய்தார்கள். மறுபடி. ஏதோ சரியில்லை, என்ன என்று அவருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் மூலையிலிருந்து, "அக்கா, அது அப்பிடி இல்லை" என்ற குரல் வந்தது.

எல்லோரும் திரும்பினோம். வதனி அன்ரி எழுந்து வந்து அம்மாவின் கையிலிருந்து மினியை வாங்கினார்.

"நீங்கள் பிடிக்கிறது நித்திரைப் பிள்ளையை. நித்திரைப் பிள்ளை தன்ர தலையைத் தானே கொஞ்சம் பிடிக்கும். இது பிடிக்காது. தலையைப் பிடிச்சாக் கால் போகும், காலைப் பிடிச்சாத் தலை போகும். ரெண்டு கை காணாது." முழங்கையை மடித்துப் பொம்மையின் முழங்காலுக்குக் கீழே கொடுத்தார், மற்றக் கையால் இடுப்பை வளைத்தார், பின்னால் விழப்போன தலையை, முகத்தைத் தாழ்த்தித் தன் நாடியால் தோளோடு அமுக்கிக்கொண்டார். "இப்பிடி. நாடியாலதான் பிடிக்கவேணும். நடக்கேக்க விடக்கூடாது."

அப்படியே கராஜின் ஒரு சுவரிலிருந்து மறுசுவர்வரை நடந்து காட்டினார். சாக்குகளின்மேல் மிதித்து நடந்த சத்தம் மட்டும் கேட்டது. எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. எவ்வளவு தூரம் அப்படி நடந்தாய் என்றும் கேட்கவில்லை. எல்லோரும் கீழே பார்த்துக்கொண்டிருந்தோம், தேவா அங்கிளைத் தவிர. அவருடைய முகம் மலர்ந்துவிட்டது.

"அதுதான்! அதுதான் எனக்கு வேணும். சுமதி, அதை அப்பிடியே எடு."

அம்மா அப்படியே எடுத்தார். வதனி அன்ரி பொம்மையைக் கொடுத்துவிட்டுத் தையலுக்குத் திரும்பினார்.

நாடகத்தன்று மண்டபம் நிரம்பியிருந்தது. நான் மூன்றாம் வரிசையில் அப்பாவோடு இருந்தேன். விளக்குகளின் சூட்டில், சாக்குக்குள் புழுங்கிப்போயிருந்த பெண்களுக்கு வியர்த்துக் கொட்டியது. பாதி நாடகத்தில் ஒப்பனை மாவு கரைந்து, மறைத்து வைத்திருந்த குங்குமம் ஒவ்வொரு நெற்றியிலிருந்தும் சிவப்பாக வழியத் தொடங்கியது. மூக்கின்மேல், கன்னத்தின்மேல், சாக்கின்மேல். மண்டபம் மூச்சை அடக்கிப் பார்த்தது. அடுத்த மாதம் எங்கள் சமூகப் பத்திரிகையில் ஒருவர், விதவைகளின் நெற்றியிலிருந்து குருதி வடிவதுபோல் அமைத்த நெறியாளரின் கற்பனை ஈடிணையற்றது என்று எழுதினார். அந்தப் பக்கத்தைத் தேவா அங்கிள் வெட்டிச் சட்டம்போட்டு வைத்திருக்கிறார். அது பெண்கள் பொட்டை அழிக்கப் பயந்ததால் நடந்தது என்று அவர் யாருக்கும் சொன்னதில்லை.

கடைசிக் காட்சியில் அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். முழங்கை முழங்காலுக்குக் கீழே, நாடி தலையின்மேல். மேடையின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு, ஒரு சொல்லும் இல்லாமல். மண்டபத்தில் பெண்கள் விம்மினார்கள், ஆண்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள், முடிந்ததும் எழுந்து நின்று தட்டினார்கள், அம்மா மூன்று முறை குனிந்து வணங்கினார். வதனி அன்ரி மண்டபத்துக்குள் இல்லை. வெளியே மேசையில் இடைவேளைக்கு வைத்த ரோல்ஸ் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நன்றியுரையில் சாக்குக் கொடுத்த கடைக்காரரின் பெயர் இருந்தது, ரோல்ஸ் செய்தவரின் பெயர் இருந்தது, பொம்மை கொடுத்து உதவியதற்காக என் பெயர்கூட இருந்தது.

நான் மேடைக்குப் பின்னால் மினியை எடுக்க ஓடினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொடாத. செத்த பிள்ளையாக் கிடந்தது. பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டுக்க அது வரக்கூடாது. இஞ்சேருங்கோ, உதைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்கோ."

அப்பா என்னைப் பாராமல் அதை எடுத்துக்கொண்டு போனார். வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, தலையில் முழுகி, சாக்குகளை வெளியே போட்டார். நான் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. வதனி அன்ரி என் கட்டிலோரத்தில் வந்து உட்கார்ந்து, "அழாத அபிக்குட்டி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். என் பள்ளிக்கூட உடுப்பு இஸ்திரி போட்டாயிற்றா என்று பார்க்க அந்தச் சின்ன அறைக்குப் போனேன். வதனி அன்ரி இல்லை. தையல் இயந்திரத்தின் பக்கத்தில், ஒரு துவாய்க்கு அடியிலிருந்து மினியின் கால் தெரிந்தது. துவாயை இழுத்தேன். கழுவித் துடைத்து, கண்ணிமையில் ஒட்டியிருந்த மேடைத் தூசியும் போய், புதுச் சட்டை போட்டிருந்தது மினி. சட்டையின் ஒரு கைக்கு இன்னும் தையல் முடியவில்லை. எனக்குச் சின்னதாகிப்போன என்னுடைய நீலப் பாவாடையில் வெட்டிய சட்டை. தூக்கினேன். பாரமில்லை. மண்ணை எடுத்துவிட்டுப் பஞ்சு வைத்திருந்தார்.

இத்தனையும் நான் பார்த்தேன். கை தொட்டுத் தெரிந்துகொண்டேன். ஆனாலும் என் வாயிலிருந்து வந்தது என்ன?

"அம்மா! ஷீ ஸ்டோல் இட்! வதனி அன்ரி என்ர பொம்மையைக் களவெடுத்து ஒளிச்சு வச்சிருக்கிறா!"

அம்மா குசினியிலிருந்து ஓடி வந்தார். என் கையில் இருந்ததைக் கண்டதும் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தார். நான் அதற்கு முன்னும் பின்னும் அம்மாவை அப்படிப் பயந்து கண்டதில்லை. சத்தம் கேட்டுத் தோட்டத்திலிருந்து வதனி அன்ரி வந்தார், கையில் காய்ந்த உடுப்புகளோடு.

"எத்தினை நாளா உது என்ர வீட்டுக்க கிடக்கு?" என்று கேட்டார் அம்மா.

"கழுவித்தான் அக்கா கொண்டுவந்தனான்."

"எத்தினை நாளா எண்டு கேட்டனான். மூண்டு கிழமையா? நான் பிள்ளையைச் சுமந்துகொண்டு மேல படுக்க, நீர் கீழ உதை வச்சுத் தாலாட்டிக்கொண்டு இருந்தனீரோ?"

"அக்கா, பிள்ளை அழுதுது…" என்று தொடங்கினார் வதனி அன்ரி. எந்தப் பிள்ளை என்று அவர் சொல்லி முடிக்கவில்லை, அம்மா முடிக்க விடவில்லை.

"உமக்கு நடந்தது நடந்துபோச்சு. என்ர பிள்ளைக்கும் நடக்கவேணும் எண்டோ? வேற இடம் பாரும் வதனி. இண்டைக்கே."

அப்பா, "சுமதி, கொஞ்சம் பொறு" என்றார். ஒரு முறைதான் சொன்னார்.

நான் மினியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றேன். வதனி அன்ரி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு இவ்வளவு காலம் அது நின்றிருக்காது. நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்ப்பதுபோல், ஒரு விநாடி கூடுதலாகப் பார்த்தார். நான் சொல்லவில்லை. அன்று பின்னேரம் கமலா அன்ரியின் கார் வந்தது. தேவாலயம் ஒன்று நடத்திய வீட்டில் இடம் கேட்டு எடுத்திருந்தார்கள். அவருடைய பொருள்கள் ஒரு சூட்கேசும் ஒரு கடைப் பையும். "போட்டு வாறன் அபிக்குட்டி" என்றார். மினி மறுபடியும் குப்பைத் தொட்டிக்குள் போனது. மறுநாள் காலை நான் சீருடையோடு யன்னலில் நின்று, குப்பை வண்டியின் இரும்புக் கை எங்கள் தொட்டியைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்ததைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

பல்கலைக்கழகத்தில் அந்த நாடகத்தை ஆங்கிலத்தில் படிக்கக் கிடைத்தது. அப்போதுதான் தேவா அங்கிள் அதை மாற்றியிருந்தார் என்று தெரிந்தது. மூலத்தில் செத்த பிள்ளை தாயின் கைக்கு வருவதே இல்லை. அதற்குள் அவளைக் கப்பல் கொண்டுபோய்விடுகிறது. உடலை வாங்கிப் புதைப்பது வேறு ஆட்கள். "எங்கட சனத்துக்குத் தாய் தூக்கினாத்தான் அழுகை வரும்" என்று அங்கிள் அதைத் திருத்தியிருக்கிறார். நூலகத்தில் நெடுநேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் இருந்தேன். கமலா அன்ரியின் வெள்ளைக் கார் எங்கள் வீட்டு வளைவைத் திரும்பியதும், மினி தொட்டிக்குள் கிடந்ததும், மேடையில் மாற்றிவிட்ட மூலத்தை நாங்கள் வீட்டில் அச்சுப்பிசகாமல் நடத்திக்காட்டியதும் அங்கேதான் எனக்கு விளங்கியது.

ஆனால் ஒன்று இன்னும் விளங்கவில்லை. அவர் மினியை யாருக்காகக் குப்பையிலிருந்து எடுத்தார்? நான் அழுதேன் என்று எனக்குத் திருப்பித் தரவா? அப்படியானால் என் பாவாடைத் துணி, எடுக்கப்பட்ட மண், எல்லாம் பொருந்துகிறது. ஒரு சட்டைக் கை தைத்து முடித்திருந்தால் அடுத்த நாள் என் கட்டிலில் வைத்திருப்பார். அல்லது தனக்காகவா? அப்படியானால் அந்த மூன்று கிழமையும் அந்த அறையில் என்ன நடந்தது என்று நினைக்கவே என்னால் முடியவில்லை. எது உண்மையானாலும் என் வாயிலிருந்து வந்த சொல் ஒன்றுதான். களவெடுத்தவர் என்று நான் கத்திய அந்தப் பெண்ணிடமிருந்து, செத்த பிள்ளையைத் தூக்கும் விதத்தை எடுத்துக்கொண்டு போய் மேடையில் மூன்று முறை வணங்கியவர்கள் நாங்கள்.

போன மாதம் அம்மா தொலைபேசியில் அழைத்தார். தேவா அங்கிள் அந்த நாடகத்தை மறுபடியும் போடப்போகிறாராம். அம்மாவுக்கு இந்த முறை கிழட்டு அரசியின் பாத்திரம்.

"உன்ர மகளின்ர பழைய பொம்மை ஒண்டு தருவியே? திரும்பி வராது, தெரியும்தானே."

என் மகளுக்கு இரண்டு வயது. சளி பிடித்தால் நான் மூச்சை எண்ணுகிறவள். சோற்றில் சூடு போதுமா, கூடிவிட்டதா என்று மூன்றுமுறை தொட்டுப் பார்க்கிறவள். நான் உடனே, "ஏலாது" என்றேன். பிறகு, அம்மாவிடம் இத்தனை வருடமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"வதனி அன்ரி இப்ப எங்க?"

மறுமுனையில் அம்மா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"தம்பி பிறந்த அடுத்த நாள் ஒருக்கா போன் எடுத்தவ. ஆஸ்பத்திரிக்கு. எப்பிடி நம்பர் கிடைச்சுதோ தெரியாது. 'பிள்ளை சுகமோ அக்கா' எண்டு கேட்டவ. ஓம் எண்டன். 'அப்ப சரி' எண்டா. நான் வச்சிட்டன்."

"நீங்கள் வேற ஒண்டும் சொல்லேல்லையா?"

"என்னத்தைச் சொல்லுறது?" என்றார் அம்மா. அவருடைய குரல் திடீரென்று உயர்ந்தது. "நீயும்தான் ஒண்டும் சொல்லேல்ல. கத்தினது நீ."

அம்மா சொன்னது சரி. தம்பிக்கு இப்போது வயது பன்னிரண்டு, கிரிக்கெட் பையை முதுகில் போட்டுக்கொண்டு திரிகிறான், ஒரு குறையும் இல்லை. அந்த மண்டபம் இப்போது உடற்பயிற்சிக் கூடம். நாடகத்தைப் பதிவுசெய்த டிவிடி அம்மாவிடம் இருக்கிறது, அதை ஓட்டிப் பார்க்க எங்கள் யாரிடமும் பெட்டி இல்லை. இருந்தாலும் அதில் வதனி அன்ரி ஓர் இடத்திலும் வரமாட்டார். அவருடைய விசா என்ன ஆனது என்று கேட்க எனக்கு ஒருவரும் இல்லை. தேவாலயம் நடத்திய அந்த வீட்டை விற்றுவிட்டார்கள். முழுப்பெயர் என்ன என்று அப்பாவிடம் கேட்டேன். ஊரில் எல்லோரும் வதனி என்றுதான் கூப்பிட்டார்கள் என்றார்.

தொலைபேசியை வைத்தபின் பார்க்கிறேன், மகளின் பொம்மையை அலமாரியின் உச்சித்தட்டில் ஏற்றிவைத்திருக்கிறேன். பேசிக்கொண்டே செய்திருக்கிறேன், எப்போது எடுத்தேன் என்றே தெரியவில்லை. ஏலாது என்று நான் சொன்னது வதனி அன்ரிக்காகவா, அல்லது செத்த பிள்ளையாகக் கிடக்கப்போகிற ஒரு பொருளின் சுவடுகூட என் மகளுக்கு அருகில் வரக்கூடாது என்ற அம்மாவின் அதே பயத்தினாலா? வெளியே அனுப்ப இந்த முறை வீட்டில் யாரும் இருக்கவில்லை என்பதைத் தவிர, எனக்கும் அம்மாவுக்கும் என்ன வித்தியாசம்?

மகள் அழுதாள். பொம்மையை இறக்கிக் கொடுத்தேன். சிறிது நேரத்தில் குசினிக்குள் வந்தாள், ஒரு கையில் தண்ணீர்க் கோப்பை, மறுகையில் பிஸ்கட். பொம்மையின் கால்களை முழங்கையில் இடுக்கி, பின்னால் விழப்போன அதன் தலையைத் தன் சின்ன நாடியால் தோளோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு, விழாமல், மெல்ல மெல்ல என்னை நோக்கி நடந்தாள்.

நான் முழந்தாளிட்டு அவள் கையிலிருந்த கோப்பையையும் பிஸ்கட்டையும் வாங்கிக்கொண்டேன்.